கான்ஃப்ளக்ரேஷன்: எல்லை தாண்டிய தீக்கு ஆங்கிலம் வைத்த பெயர்

‘கான்ஃப்ளக்ரேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிகள் ‘பெருந்தீ’ என்று பொருள் தருகின்றன. அப்படியானால் ‘ஃபயர்’ என்று எழுதும் இடத்திலெல்லாம் இதை எழுதலாமா, இதன் வேர் எது, தீயே இல்லாத போர்ச் செய்திகளில் இது ஏன் வருகிறது என்பவை கேள்விகள். முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம்: எழுதக் கூடாது. இந்தச் சொல் தீயின் பருமனைவிட அதன் போக்கைக் குறிப்பது. மூட்டிய இடத்தில் நில்லாமல், தெருவையும் சுவரையும் ஆற்றையும் தாண்டிச் சென்று, எதிர்ப்பட்டதை முற்றாக எரித்து ஒழிக்கும் தீக்கே இந்தப் பெயர் பொருந்தும். ஏன் அப்படி என்பதற்கு லத்தீன் வரை போக வேண்டும்.

உச்சரிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கான்-ஃப்ள-க்ரே-ஷன் என்று நான்கு அசைகள். அழுத்தம் மூன்றாவது அசையான ‘க்ரே’யில் விழும். முதல் அசையை அழுத்திச் சொல்வது நம்மிடையே பரவலாக உள்ள பிழை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரெஞ்சு வழியாகவோ நேரடியாக லத்தீனிலிருந்தோ வந்து சேர்ந்தது. லத்தீனில் ‘ஃப்ளக்ராரே’ என்ற வினைக்கு எரிதல், கொழுந்துவிடுதல், கனலுதல் என்று பொருள். அதன் முன் ‘கோம்’ என்ற முன்னொட்டு சேர்ந்து, ஒலி திரிந்து, ‘கான்ஃப்ளக்ராரே’ ஆனது. பல விளக்கங்களில் இந்த முன்னொட்டுக்குச் ‘சேர்ந்து’ அல்லது ‘ஒன்றாக’ என்று பொருள் சொல்லி, ‘எல்லாம் சேர்ந்து எரிவது’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த முன்னொட்டுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பது உண்மை. ஆனால் இங்கே அது செய்யும் வேலை வேறு. இத்தகைய வினைகளில் அது செயலின் முழுமையைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இன்று புழங்கும் ‘கன்ஸ்யூம்’, ‘கம்பஸ்ட்’ ஆகிய சொற்களின் முன்னொட்டும் இதுவே. அவற்றிலும் ‘முற்றிலும் தீர்த்தல்’ என்ற சாயலே உள்ளது.

தமிழ் அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். லத்தீன் முன்னொட்டால் செய்வதைத் தமிழ் பின்னால் வரும் வினையால் செய்கிறது. ‘வைக்கோல் போர் எரிந்தது’ என்றால் அதை அணைத்திருக்கலாம், பாதி மிஞ்சியிருக்கலாம். ‘எரிந்துபோயிற்று’ என்றால் இழப்பு உறுதியாகிவிட்டது. ‘எரிந்து தீர்ந்தது’, ‘எரிந்தொழிந்தது’ என்றால் சாம்பலைத் தவிர எதுவும் இல்லை. ‘ஃப்ளக்ராரே’வுக்கும் ‘கான்ஃப்ளக்ராரே’வுக்கும் உள்ள தொலைவு, ‘எரிந்தது’ என்பதற்கும் ‘எரிந்தொழிந்தது’ என்பதற்கும் உள்ள தொலைவுதான்.

இதற்கு லத்தீன் இலக்கியத்திலேயே நல்ல சான்று உண்டு. கி.மு. 63இல், ஆட்சியைக் கவிழ்க்கக் கட்டிலினா என்ற பிரபு செய்த சதியை எதிர்த்து, அப்போது ரோமாபுரியின் ஆட்சித்தலைவராக இருந்த சிசரோ செனட்டில் ஆற்றிய முதல் உரையின் இறுதிப் பகுதியில், தாய்நாடே எழுந்து நின்று அவரைக் கேள்வி கேட்பதாக ஓர் இடம் வருகிறது. இத்தாலி போரால் பாழாகி, நகரங்கள் சீரழிந்து, வீடுகள் எரியும்போது, மக்களின் வெறுப்பு என்னும் தீயில் நீ எரிந்துபோக மாட்டாய் என்றா நினைக்கிறாய் என்பது அந்தக் கேள்வியின் சாரம். வீடுகள் எரிவதற்குச் சிசரோ ‘ஆர்டேரே’ என்ற எளிய வினையைப் போடுகிறார். வெறுப்பில் ஒரு மனிதன் மீளாதபடி எரிவதற்குத்தான் ‘கான்ஃப்ளக்ராரே’வைப் போடுகிறார். இன்று ஒரு செய்தியாளர் போரையும் கலவரத்தையும் இந்தச் சொல்லால் குறிக்கும்போது அது நவீன அலங்காரம் என்று தோன்றலாம். ஆனால் உவமைப் பொருள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அதுவும் போர் பற்றிய பேச்சிலேயே, இந்த வினையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

‘ஃப்ளக்ராரே’வின் உறவினர்கள் ஆங்கிலத்தில் பலர் உள்ளனர், அவர்களை அறிந்தால் சொல் மனத்தில் நிற்கும். ‘ஃப்ளேக்ரண்ட்’ என்பதை இன்று ‘அப்பட்டமான’ என்று மொழிபெயர்க்கிறோம். அதன் நேர்ப்பொருள் ‘கொழுந்துவிட்டு எரிகிற’ என்பதே. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபடுவதைச் சட்டத்தார் இன்றும் ‘இன் ஃப்ளக்ராண்டே டெலிக்டோ’ என்ற லத்தீன் தொடரால் குறிக்கிறார்கள்: குற்றம் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே என்பது அதன் சொற்பொருள். சுடரைக் குறிக்கும் ‘ஃப்ளேம்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கிரேக்கக் கிளையில் ‘எரித்தல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து சளியைக் குறிக்கும் ‘ஃப்ளெம்’ பிறந்தது. உடலின் அழற்சியால் உண்டாவது என்ற பழைய மருத்துவக் கருத்து அதற்குக் காரணம். 18ஆம் நூற்றாண்டில் எரியும் பொருள்களிலெல்லாம் ஒளிந்திருப்பதாக ஜெர்மானிய வேதியியலாளர் ஷ்டால் கருதிய ‘ஃப்ளோஜிஸ்டன்’ என்ற பொருளின் பெயரும் அந்த வினையிலிருந்து வந்ததே. பிற்பாடு பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே அந்தக் கோட்பாட்டை வீழ்த்தினார். ஒளிர்தலைக் குறிக்கும் ‘ப்ராஜ்’ என்ற வடமொழி வேரையும் மொழி வரலாற்று அறிஞர்கள் இந்தக் குடும்பத்தில் வைப்பதுண்டு. எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது ‘பிளாக்’ என்ற ஆங்கிலச் சொல். கருமையைக் குறிக்கும் அதுவும் இதே மூலத்திலிருந்து வந்ததாகவே பொதுவாகக் கொள்கிறார்கள். எரிந்து கரிந்தது என்பதே அதன் தொடக்கப் பொருள். ஒரே வேர் ஒரு பக்கம் சுடராகவும் மறுபக்கம் கரியாகவும் முளைத்திருக்கிறது.

உறவு போலத் தோன்றி ஏமாற்றும் ஒரு சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டைக் கலந்து ஒன்றாக்குவதைக் குறிக்கும் ‘கான்ஃப்ளேட்’ ஒலியால் நெருங்கினாலும் தீயின் வழிவந்ததன்று; ஊதுதலைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வினையிலிருந்து, உலைத்துருத்தியால் ஊதி உலோகங்களை உருக்கிச் சேர்ப்பது என்ற பொருளில் பிறந்தது அது.

இனி, சொல் எப்படி வளர்ந்தது என்பதைப் பார்க்கலாம். இதன் மிகச் செழுமையான பகுதி உலக அழிவைப் பற்றிய சிந்தனையில் இருக்கிறது. கிரேக்க ஸ்டோயிக் தத்துவவாதிகள், குறிப்பாக ஜீனோவும் அவர் வழிவந்த கிளியாந்தஸ், கிரிசிப்பஸ் ஆகியோரும், உலகம் ஒரு பெரும் சுழற்சியின் முடிவில் முழுவதும் தீயாக மாறி, மீண்டும் அதிலிருந்தே தோன்றும் என்று கற்பித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘எக்பைரோசிஸ்’. அந்த மரபில் வந்த ரோமாபுரியின் செனெகா, இயற்கை பற்றிய தம் நூலில், பாபிலோனியரான பெரோசஸின் கருத்தை எடுத்துரைக்கிறார்: கோள்கள் எல்லாம் கடக ராசியில் ஒரே நேர்கோட்டில் கூடும்போது உலகம் தீப்பற்றும், அவை மகர ராசியில் கூடும்போது வெள்ளத்தில் மூழ்கும். அங்கே உலகை எரிக்கும் தீக்குச் செனெகா எழுதும் சொல் ‘கான்ஃப்ளக்ராட்டியோ’. ஊழித்தீயையும் ஊழிவெள்ளத்தையும் இணையாகவே கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த இடம் அந்நியமாகத் தோன்றாது.

கிறித்தவ ஐரோப்பாவில் இந்தச் சொல்லுக்குப் புதிய வீடு கிடைத்தது. பேதுருவின் இரண்டாம் திருமுகம், மூன்றாம் அதிகாரம், இறுதி நாளில் வானங்கள் எரிந்து அழியும், மூலப்பொருள்கள் வெப்பத்தால் உருகும் என்கிறது. அந்த நிகழ்ச்சியைப் பேச ஆங்கிலேய இறையியலாளர்களுக்கு ஒரு கனமான சொல் தேவைப்பட்டது. எனவே 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘கான்ஃப்ளக்ரேஷன்’ என்றதும் படித்தவர் மனத்தில் உலகம் முழுதும் எரியும் காட்சியும் எழுந்திருக்கும். தாமஸ் பர்னெட் என்ற பாதிரியார் 1680களில் லத்தீனில் எழுதத் தொடங்கிப் பின் ஆங்கிலத்திலும் தந்த ‘பூமியின் புனிதக் கோட்பாடு’ என்ற நூல், முதற்பகுதிகளில் நோவா காலத்துப் பெருவெள்ளத்தையும் மூன்றாம் பகுதியில் உலகின் கான்ஃப்ளக்ரேஷனையும் ஆராய்கிறது. உலகம் எரிவதென்றால் எங்கே தொடங்கும், எரிபொருள் எது என்றெல்லாம் அவர் உண்மையான இயற்பியல் கேள்விகளாகவே எடுத்துக்கொண்டார். இந்தப் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொல்லின் அகராதிப் பொருள் மாறினாலும், ஊழியின் நிழல் இன்றும் அதன்மேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவேதான் ஒரு குடிசை எரிந்த செய்தியில் அது ஒட்டாமல் நிற்கிறது.

வானத்திலிருந்து நகரத்துக்கு இந்தச் சொல் இறங்கி வந்ததை ஒரே நிகழ்ச்சியில் பார்க்கலாம். 1666 செப்டம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில் லண்டன் புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் பற்றிய தீ, வறண்ட கோடைக்குப் பின் வீசிய பலத்த கீழ்க்காற்றில் மரவீடுகள் நெருங்கிய தெருக்களுக்குள் புகுந்து, நான்கு நாட்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 பங்கு ஆலயங்களையும் பழைய செயின்ட் பால் பேராலயத்தையும் எரித்தது. அக்காலத்தில் தீயைத் தடுக்கப் பெரிதும் நம்பப்பட்ட வழி, அது வருவதற்கு முன் வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்குவது. மேயர் தயங்கியதால் அது காலம் கடந்தே தொடங்கியது. பிறகு வெடிமருந்து வைத்து வீடுகளைத் தகர்த்தார்கள். அதை நேரில் கண்ட ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில், தீ எங்கும் பரவிவிட்டதாகவும் மக்கள் திகைத்துப்போய் அணைக்கவே முயலாமல் நின்றதாகவும் எழுதும்போது கையாளும் சொல் ‘கான்ஃப்ளக்ரேஷன்’தான். உலக முடிவுக்குரிய சொல்லை ஒரு நகரத்துக்கு அவர் எழுதியதில் மிகை ஏதும் இல்லை. அங்கே நின்றவர்களுக்கு அவர்கள் அறிந்த உலகம் முடிந்துகொண்டுதான் இருந்தது.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நகரங்கள் மரத்தால் எழுந்தன, மரம் எரிந்தது. 1871 அக்டோபர் 8ஆம் நாள் இரவு சிகாகோவில் ஒரு தொழுவத்தருகே தொடங்கிய தீ ஆற்றை இருமுறை தாண்டியது. 10ஆம் நாள் அடங்கியபோது சுமார் 300 பேர் இறந்திருந்தனர், ஏறத்தாழ 1,00,000 பேர் வீடிழந்திருந்தனர். அதே இரவில் விஸ்கான்சின் மாநிலத்தின் பெஷ்டிகோ என்ற மரவணிக ஊரைக் காட்டுத்தீ விழுங்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிகாகோவின் புகழ் அதை மறைத்துவிட்டது. 1904இல் பால்டிமோர் எரிந்தபோது பிற நகரங்களிலிருந்து விரைந்து வந்த தீயணைப்பு வண்டிகளின் குழாய் இணைப்புகள் உள்ளூர்க் குழாய்களோடு பொருந்தவில்லை. அதன் பிறகே இணைப்புகளின் அளவை நாடு முழுதும் ஒன்றாக்கும் முயற்சி வலுப்பெற்றது. இப்படி அடுத்தடுத்து நேர்ந்ததால் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தீயணைப்புத் துறையினருக்கும் ஒரு வரையறை தேவைப்பட்டது. ஒரு கட்டடம் எரிவது ஒரு வகை இழப்பு. தீ தெருவைத் தாண்டி அடுத்தடுத்த மனைகளுக்குப் போவது கணக்கையே மாற்றிவிடும் வேறொரு வகை. அந்த இரண்டாவது வகைக்குத் துறைச்சொல்லாக ‘கான்ஃப்ளக்ரேஷன்’ நிலைபெற்றது.

தீயியலில் இதன் பொருள் இன்னும் கூர்மையானது. காற்றின் போக்கில் முன்னேறும் ஒரு தீமுகப்பு இருக்க வேண்டும். சாலை, ஆறு, சுவர் போன்ற தடைகளை அது தாண்ட வேண்டும். தாண்டுவதற்குப் பெருங்காரணம் பறக்கும் கங்குகள். வெப்பத்தால் மேலெழும் காற்று எரியும் மரத்துண்டுகளையும் ஓட்டுச் சீவல்களையும் தூக்கிச் சென்று வெகு தொலைவில் கூரைமேல் போடுகிறது. தீயணைப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் புதிய தீ முளைக்கிறது. இதனோடு அடிக்கடி குழப்பப்படுவது ‘ஃபயர்ஸ்டார்ம்’, அதாவது தீப்புயல். தீப்புயலில் பரந்த பரப்பு ஒரே நேரத்தில் எரிந்து, நடுவே வெப்பம் மேலெழ, நான்கு பக்கமிருந்தும் காற்று உள்நோக்கிச் சீறிப் பாயும். தீ பெரும்பாலும் இடம்பெயராது. 1943 ஜூலை 27ஆம் நாள் இரவு குண்டுவீச்சுக்குப் பின் ஹாம்பர்க் நகரில் உண்டானது அது. 1945 மார்ச் 9ஆம் நாள் இரவு டோக்கியோவில் குண்டுகள் மூட்டிய தீயோ பலத்த காற்றால் மதிலைப் போல நகர்ந்து சென்றது. போருக்குப் பின் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைக் கான்ஃப்ளக்ரேஷன் என்றே வகைப்படுத்தினர். அந்த ஓர் இரவில் மாண்டவர்கள் ஏறத்தாழ 1,00,000 பேர் என்பது பொதுவான கணக்கு. எந்தத் தீ எந்த வகை என்பது அங்கே எரிந்தவர்களுக்கு எந்த வேறுபாட்டையும் தரவில்லை என்பதை மறந்துவிட்டு இதை எழுத என்னால் இயலவில்லை. ஆயினும் தப்பிக்கும் வழியை ஆராய்பவர்களுக்கு வேறுபாடு தேவை. முன்னேறும் முகப்பிலிருந்து பக்கவாட்டில் ஓடலாம். தீப்புயலின் நடுவிலிருந்து ஓட வழியில்லை.

இதே வேரிலிருந்து வந்த ‘டிஃப்ளக்ரேஷன்’ என்பதையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. அது வேதியியல் சொல். எரியும் அலை ஒலியின் வேகத்துக்குக் குறைவாகப் பொருளுக்குள் பரவினால் டிஃப்ளக்ரேஷன், ஒலியை மிஞ்சினால் ‘டெட்டனேஷன்’. கருமருந்து எரிவது முன்னதற்கும், டைனமைட் வெடிப்பது பின்னதற்கும் எடுத்துக்காட்டு.

சட்டத்திலும் நம் சொல்லுக்கு இடம் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1940 முதல் அவசரக் கான்ஃப்ளக்ரேஷன் சட்டம் என ஒன்று உள்ளது. உள்ளூர்ப் படைகளால் சமாளிக்க முடியாத தீ வீடுகளை அச்சுறுத்தும்போது ஆளுநர் அதைச் செயல்படுத்தி, மாநிலம் முழுதும் உள்ள தீயணைப்பு வண்டிகளையும் வீரர்களையும் ஓரிடத்துக்கு வரவழைக்கலாம். கோடைக்காலத்தில் அம்மாநிலச் செய்திகளில் இந்தச் சொல் அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம். அங்கே அது இலக்கியச் சொல் அன்று, அரசாணைச் சொல்.

செங்கல்லும் கான்கிரீட்டும் நீர்க்குழாய்களும் வந்த பிறகு நகரம் எரியும் காலம் முடிந்துவிட்டது என்று 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பலர் எண்ணினர். சொல்லும் வரலாற்று நூல்களுக்குள் ஒதுங்கியது. கடந்த சில ஆண்டுகளில் அது திரும்பிவிட்டது. 2018 நவம்பர் 8ஆம் நாள் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊர் எரிந்த தீயில் 85 பேர் இறந்தனர். 2023 ஆகஸ்ட் 8ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் மாவி தீவின் லஹைனா நகரம் எரிந்ததில் சுமார் 100 பேர் இறந்தனர், 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓரங்கள் எரிந்தன. இவற்றைக் ‘காட்டுத்தீ’ என்று மட்டும் சொல்வது போதாது என்பது தீயியலாளர்கள் பலரின் வாதம். தீ காட்டிலோ புல்வெளியிலோ தொடங்கினாலும், ஊருக்குள் வந்த பின் ஒரு வீடே அடுத்த வீட்டுக்கு எரிபொருளாகிறது. பக்கத்தில் பச்சை மரங்கள் நின்றுகொண்டிருக்க வீடுகள் சாம்பலாகின்றன. இதை அவர்கள் ‘அர்பன் கான்ஃப்ளக்ரேஷன்’ என்கிறார்கள். சரியான பெயர் சரியான தீர்வுக்கு வழிகாட்டும் இடம் இது என்பது என் கருத்து. காட்டுத்தீ என்று நினைத்தால் காட்டைத் திருத்தப் போவோம். ஊர்த்தீ என்று உணர்ந்தால் கூரையையும் காற்றோட்டத் துளைகளையும் வீடுகளுக்கு இடையேயான தூரத்தையும் பார்ப்போம்.

உவமைப் பொருளுக்கு வருகிறேன். ஆங்கில நாளிதழ்களில், குறிப்பாக மேற்காசியா பற்றிய செய்திகளில், ‘ரீஜனல் கான்ஃப்ளக்ரேஷன்’ என்ற தொடரைக் காணலாம். ஒரு நாட்டின் சண்டை எல்லை தாண்டிப் பக்கத்து நாடுகளையும் இழுத்துக்கொள்வது என்பது அதன் பொருள். இரண்டு நாடுகள் தமக்குள் எவ்வளவு கொடுமையாகப் போரிட்டாலும் அதற்கு இந்தச் சொல் அவ்வளவாகப் பொருந்தாது. மூன்றாவது நாட்டுக்கும் நான்காவது நாட்டுக்கும் பரவும்போதுதான் பொருந்தும். பிரெஞ்சில் இந்தச் சொல்லின் வாழ்வே பெரும்பாலும் இப்பொருளில்தான். நகரம் எரிவதற்கு அவர்கள் ‘அன்சாந்தி’ என்பார்கள். ஐரோப்பாவே போரில் மூழ்குவதற்குத்தான் ‘கான்ஃப்ளக்ராசியோன்’ என்பார்கள்.

வழக்கில் கவனிக்க வேண்டியவை சில. இது எண்ணக்கூடிய பெயர்ச்சொல். வினைவடிவம் ஒன்று அகராதியில் இருந்தாலும் எவரும் எழுதுவதில்லை, நீங்களும் எழுத வேண்டாம். ‘ஸ்மால்’ என்ற அடையை இதற்கு முன் போட்டால் சொல்லே முரண்படும். ‘பர்னிங்’ என்று போட்டால் கூறியது கூறல். இறந்தவர்களின் எண்ணிக்கை இந்தச் சொல்லைத் தீர்மானிப்பதில்லை என்பதும் முக்கியமானது. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகள் எரிந்து மாண்டது நம் நெஞ்சைவிட்டு அகலாத துயரம். ஆயினும் தீ ஒரே கட்டடத்தில் நின்றதால் அதை எழுதும்போது ‘ஃபயர்’ என்ற எளிய சொல்லே சரி. பெரிய சொல்லைப் போடுவதால் துயரம் பெரிதாகிவிடாது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும்கூட இந்தத் தவற்றை ஏராளமாகச் செய்திருக்கிறார்கள். 1860களில் அமெரிக்கக் கவிஞர் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவல் தம் காலத்து இதழ்களின் வீங்கிய நடையைப் பட்டியலிட்டபோது, ‘பெரிய தீ’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘நாசகரமான கான்ஃப்ளக்ரேஷன்’ என்று எழுதுவதையும் சேர்த்திருந்தார்.

அருகில் உள்ள சொற்களையும் பிரித்தறிய வேண்டும். ‘பிளேஸ்’ என்பது சுடர்விட்டு எரியும் தீ. தலைப்பில் இடம் சிக்கனமாக இருப்பதால் இதழாளர்கள் விரும்புவது. ‘இன்ஃபெர்னோ’ என்பது இத்தாலிய மொழியில் நரகம். ‘கீழுலகம்’ என்ற லத்தீன் பொருளிலிருந்து வந்து, நரகத்தின் நெருப்பால் தீயைக் குறிக்கலாயிற்று. உள்ளே அகப்பட்டவர் படும் வெம்மையைச் சொல்ல அது ஏற்றது. ‘ஹோலோகாஸ்ட்’ என்ற கிரேக்கச் சொல் முழுதும் எரிக்கப்பட்ட பலியைக் குறித்து, ஒரு காலத்தில் பெருந்தீக்கும் வழங்கியது. நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற கொடுமைக்குப் பெயரான பிறகு, அதைத் தீ விபத்துக்கு எழுதுவது எவ்வகையிலும் தகாது; பழைய நூல்களைப் படிக்கும்போது மட்டும் அந்தப் பொருளை நினைவில் கொள்ளலாம்.

எஞ்சியது மொழிபெயர்ப்பு. ‘பெருந்தீ’ என்ற அகராதிச் சொல் பிழையன்று, ஆனால் அளவை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. ஸ்டோயிக், இறையியல் நூல்களில் வரும்போது ‘ஊழித்தீ’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எம்மொழியிலும் இராது. ஊர் எரிவதற்கு நான் தேடியபோது நம் பழைய நூல்களிலேயே ஒரு தொடர் கிடைத்தது. தொல்காப்பியப் புறத்திணையியல் வஞ்சித் திணையின் துறைகளை எண்ணும்போது, ‘இயங்குபடை அரவம்’ என்பதை அடுத்து ‘எரிபரந்து எடுத்தல்’ என்ற துறையை வைக்கிறது. படையெடுத்துச் செல்லும் வேந்தன் பகைவர் நாட்டில் இட்ட தீ பரந்து மேலெழுவது அது. பரத்தல், எழுதல், போர் ஆகிய மூன்றும் அந்த ஒரு தொடரில் அடங்கியிருக்கின்றன. லத்தீன் சொல் நெடுங்காலம் நடந்து திரட்டிய பொருள்களில் பெரும்பகுதி இங்கே ஒரே இடத்தில் நிற்கிறது. எனவே நகரத் தீயைப் பற்றிய நூல்களை மொழிபெயர்க்கும்போது ‘எரிபரவல்’ என்று நான் எழுதுகிறேன். செய்திக்கு எழுதுவோர் ‘ஊரெங்கும் பரவிய தீ’ என்று விரித்தே எழுதலாம், அதில் குறையில்லை.

புறநானூற்றின் ஏழாம் பாடலில் கருங்குழல் ஆதனார் கரிகால் வளவனைப் பார்த்து, பகலென்றும் இரவென்றும் பாராமல் பகைவர் ஊரைச் சுடுகிறாய் என்கிறார். அந்தத் தீயின் ஒளியை அவர் ‘ஊர்சுடு விளக்கம்’ என்கிறார். அந்த வெளிச்சத்தில் கேட்கும் ஒலியை ‘அழுவிளிக் கம்பலை’ என்கிறார். எரியும் ஊரின் வெளிச்சமும் அங்கே அழுது கூவுவோரின் ஆரவாரமும் இணைந்தே வருகின்றன.